ஆமை புகுந்த போன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கலாம் என்றால், 'எல்லாரும்' என்று சொல்ல இந்த வீட்டில் நான் ஒருவன்தானே இருக்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது. டிப்போவில் என்னை பஸ்ஸுக்கு அடியில் படுக்க விடுவதில்லை. நின்றுகொண்டு இளவட்டங்களை அதட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அதட்டுவதில் உன் அப்பன் பேர் போனவன் என்பது உனக்குத் தெரியாததா.

உன் செய்தி தினமும் வருகிறது. 'சாப்பிட்டேன். நலம்.' மூன்று வருஷமாக அதே இரண்டு வார்த்தை. துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாயே, கால் வீங்குகிறதா என்று கேட்டதற்கும் அதுதான் வந்தது. குறை சொல்லவில்லை. போனில் பேசினால் நான் கத்திவிடுவேனோ என்று உனக்குப் பயம், அழுதுவிடுவேனோ என்று எனக்குப் பயம். அதனால்தான் கடிதம். பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி தன் மகளோடு வந்தாள். பள்ளிக்கு ஏதோ கட்டுரை அடிக்க வேண்டுமாம், லேப்டாப் கேட்டாள் சின்னவள். உன்னுடையது அலமாரியில் நீ சுற்றி வைத்த துண்டோடு அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். நெட் வேண்டும் என்றாள். என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். பாஸ்வேர்ட் தெரியாதே என்று நான் தலையைச் சொறிவதற்குள் உன் லேப்டாப் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. "பெரியப்பா, போனுக்கு யாராவது ஆமைன்னு பேர் வைப்பாங்களா?" என்று கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன், மறுபடியும் ஒட்டிக்கொண்டது.

பள்ளிப் போட்டிக்கு நீங்கள் செய்த ரோபோவுக்கு ஆமை என்று பேர் வைத்தவளே நீதான். அதன் முதுகில் இருந்த ரவுட்டருக்கும் அதே பேர். உன் லேப்டாப் அந்தப் பேரைத் தேடிப் பிடித்தால்தான் ரோபோ உன் பேச்சைக் கேட்கும் என்று எனக்கு விளக்கினாய். ரோபோவைப் பள்ளியை விட்டு வெளியே விடமாட்டார்கள். அதனால் வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் இரண்டு சக்கரம் பூட்டிய பலகையை ஓட்டிப் பழகினாய். அதற்கு என் போன்தான் ரவுட்டர். மாற்றி மாற்றிக் கொடுக்க அலுப்பாக இருக்கிறது என்று என் போனுக்கும் ஆமை என்றே பேர் வைத்தாய், அதே பாஸ்வேர்ட். "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்வாங்க. நீ தேடிப் பிடிச்சு அந்தப் பேரையே வெச்சிருக்கியேடி" என்று அம்மா கேலி செய்தாள். "அது ஸ்கூல்லதானே இருக்கு, வீட்டுக்குள்ள எங்கே வந்துது?" என்று நீ மல்லுக்கு நின்றாய். வந்திருந்தது பாப்பா. என் சட்டைப் பையில் இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள் காலையில், "போன் பேரை மாத்தணும்ப்பா, சாயங்காலம் ஞாபகப்படுத்து" என்றாய். சரி என்றேன். மத்தியானமே அம்மாவுக்கு மூச்சு வாங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அந்த ஓட்டத்தில் நீ மறந்தது நியாயம். ஞாபகப்படுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தவனும் மறந்தான்.

மறுநாள் அம்மா ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே உன் போட்டியைப் பார்க்க ஆசைப்பட்டாள். கேமராவில் படம் தெளிவாக விழுவது அவளுடைய போனில்தான் என்று அதை நான் எடுத்து வந்தேன்; அவள் பார்க்கச் சித்தியின் போன் பக்கத்தில் இருந்தது. நான் எடுத்து வந்ததில் நெட் தீர்ந்திருந்தது. நான் கேலரி முதல் வரிசையில், உன் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்து, என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அவள் போனில் வீடியோ கால் போட்டுப் பிடித்தேன். யாரும் ஹாட்ஸ்பாட் போடக் கூடாது என்று மைக்கில் இரண்டு முறை சொன்னார்கள். காதில் விழுந்தது. ஒரு போன்தானே, என்ன ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

உங்களுக்குக் கொடுத்த இரண்டரை நிமிஷமும் உன் ஆமை தொடக்கக் கோட்டிலிருந்து நகரவில்லை. நீ திரையைப் பார்த்தாய், ரோபோவைப் பார்த்தாய், மறுபடி திரையைப் பார்த்தாய். பேர் சரியாக இருந்தது, இணைப்பும் பச்சையாக இருந்தது என்று பிறகு எத்தனை முறை சொன்னாய்! யார் கேட்டோம்? நான் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தபோது, வராண்டாவில் அது ஆட்டுக்குட்டி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு உன் கூட்டாளிகள் எல்லாரும், நீதான் பதற்றத்தில் சொதப்பிவிட்டாய் என்று முடிவு கட்டினார்கள்.

நேற்று உன் பிசிக்ஸ் டீச்சரைப் போய்ப் பார்த்தேன். ஒரே பேரில் இரண்டு இருந்தால், பக்கத்தில் பலமாகக் கிடைப்பதில்தான் லேப்டாப் ஒட்டும்; அன்று அது ரோபோவை விட்டுவிட்டு என் போனில் ஒட்டியிருக்கிறது என்றார். "அவமேல தப்பே இல்லீங்களே, அன்னைக்கு யாருக்கும் தோணலையே" என்று அவரும் கண் கலங்கினார். உன் கூட்டாளிகளிடம் தானே சொல்வதாகச் சொன்னார். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நம்பர்களை வாங்கி வந்திருக்கிறேன்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மா போய் நான்காம் நாள், அடுப்படியில் வைத்து உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேன். உங்கம்மா கடைசியா ஆசைப்பட்டுப் பார்த்தது ஒரு நகராத டப்பாவை என்று. நீ இன்ஜினியரிங் சேர வந்த கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஊரை விட்டே போனாய். கொட்டின வார்த்தையை அள்ள முடியாது, தெரியும். ஆனால் அது பொய் பாப்பா. அம்மா அந்த டப்பாவைப் பார்க்கவே இல்லை. ரோபோவைக் காட்டினேன்; "அதை விடுங்க, புள்ளைகிட்ட கொண்டுபோங்க" என்றாள். அதன் பிறகு போனை உன் முகத்துக்கு நேராகவே பிடித்திருந்தேன். "எவ்வளவு வளந்துட்டா பாருங்க. அழப்போறா, சீக்கிரம் அவகிட்ட போங்க" என்றாள். இதை உன்னிடம் சொல்லாமல் மூன்று வருஷம் வைத்திருந்தேன். என் துக்கத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, கிடைத்தது நீ. என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை, கைதான் எழுதுகிறது.

இன்ஜினியரிங் படிப்பது, படிக்காதது உன் இஷ்டம். நீ எங்கே நின்றாலும் கால் வலிக்காமல் நிற்க வேண்டும், அது போதும் எனக்கு.

சின்னவள் போன் பேரை மாற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று பிடுங்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஞாபகப்படுத்தச் சொன்னாயே, இப்போதுதான் ஞாபகப்படுத்துகிறேன். வந்து மாற்றிக் கொடும்மா.

கதவைத் தாழ் போடாமல் இருக்கும்
உன் அப்பா