முதல் பாதி இழுவை

மார்ச் 3, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்று தம்பியின் படம்தான் பேச்சு. அதை எடுத்தவன் என் தம்பி என்று கடையில் யாருக்கும் தெரியாது. பில் போடுகிற பெண் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். வாயாடி என்று கூப்பிட்டால்தான் அவளே திரும்பிப் பார்ப்பாள். டப்பாவைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"செத்துப்போன புருஷன் குரல்ல அந்தம்மா பேசுதுக்கா, கதவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து! பக்கத்து சீட்டுக்காரர் கையக் கெட்டியாப் புடிச்சிட்டேன். யாருன்னே தெரியாது."

லென்ஸ் அறுக்கிற சோடாபுட்டி அண்ணன் சிரித்தார். கண்ணாடிக் கடையிலேயே தடிமனான கண்ணாடி அவருடையதுதான்.

"சாவி அவ கிட்டதான இருக்கு? தொறந்துட்டுப் புள்ளைய இழுத்துக்கிட்டுப் போக வேண்டியதுதான? அப்படி ஒரு அம்மா எங்கயாச்சும் இருப்பாளா? கத விடுறானுங்க."

"நீங்க பாத்தீங்களாக்கா?"

"பேய்ப் படமெல்லாம் எனக்கு ஆகாது" என்றேன்.

பார்த்தேன். வந்த அன்றைக்கே, தனியாக.

மார்ச் 4, புதன்

யாரிடமும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

அப்பா ரேடியோ ரிப்பேர் செய்பவர். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, அணைத்து வைத்த ரேடியோவுக்குள் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். பிறகு சுவருக்குள் பேசினார்கள். பிறகு தெருவில் போகிற எல்லோருமே பேசினார்கள். எங்களை ஊருக்கு வெளியே, வேலை நின்றுபோன ஒரு செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்தார். பள்ளிக்கூடம் நின்றது. தம்பி அப்போது சின்னப் பிள்ளை, என் பாவாடையை விட மாட்டான். அங்கே இரண்டு வருடம் போல இருந்தோம். அப்பா காய்ச்சலில் விழுந்தார். டாக்டரை வாசல்படி ஏறவிடாமலே போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகும் அம்மா கதவைத் திறக்கவில்லை. சமையலறை ஜன்னல் பலகையைப் பெயர்த்துக்கொண்டு ஓடிப்போய் ஆள் கூட்டிவந்தது நான்.

படத்தில் எல்லாம் இருக்கிறது. ரேடியோ, சூளை, பலகை, அம்மாவின் இடுப்பில் சாவி. அப்பா குரலில் அம்மா பேசுவது மட்டும் அவனாகச் சேர்த்தது. ஆனால் அந்த வீட்டில் ஒரே ஒரு பிள்ளை. பையன். பலகையைப் பெயர்ப்பதும் அவன்தான்.

நான் எங்கடா?

மார்ச் 6, வெள்ளி

பார்த்தவர்கள் இணையத்தில் எழுதுவதையெல்லாம் படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் படிக்கிறேன்.

'முதல் பாதி இழுவை. இடைவேளைக்கு அப்புறம் போனால் போதும்.'

'அப்பனுக்குப் பைத்தியம், சரி. அம்மாவுக்கு என்ன கேடு?'

'இந்த அம்மா பாத்திரம்தான் உண்மையான பேய்.' — இதற்குத்தான் ஏகப்பட்ட விருப்பக்குறிகள்.

'லாஜிக் இல்லை.'

நடுவில் ஒருவர், பெயர்கூடப் போடாமல்: 'எங்கள் வீடும் இப்படித்தான். பேய் மட்டும் கிடையாது.' அதற்குக் கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. அவர் இந்நேரம் எந்த வீட்டில் உட்கார்ந்திருப்பார்?

மார்ச் 8, ஞாயிறு

துணி உலர்த்தும்போது அம்மா கேட்டாள். "உன் தம்பி எடுத்த படம் வந்திருக்காமே. கீழ்வீட்டுப் பொண்ணு சொன்னா."

பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போனவன். எனக்கு மட்டும்தான் போன் செய்வான். அம்மா பேச்சு வந்தால் "சரிக்கா, வெக்கிறேன்" என்பான்.

"ஆமாம்மா. பேய்ப் படம். உனக்கு ஒத்துக்காது."

"நான் பாக்காத பேயா?" என்று சிரித்தாள். ஒரு கிளிப் என் கையிலிருந்து கீழே விழுந்தது. குனிந்து தேடுகிற சாக்கில் அங்கேயே இருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பார்த்துவிட்டாள். நான் வேலைக்குப் போனதும் மத்தியானக் காட்சிக்குத் தனியாகவே போய் வந்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்ததற்கு அதைக் காரணமாகச் சொல்லலாம்.

"எப்படி இருந்துச்சும்மா?"

"அந்த மழை" என்றாள். "அந்த மழைய அப்படியே எடுத்திருக்கான்டி. என்னச் சைக்கிள்ல உக்கார வெச்சு, முழங்கால் தண்ணியில தள்ளிக்கிட்டு வந்தாரே உங்கப்பா. நான் நனையக் கூடாதுன்னு காலி ரேடியோப் பொட்டிய என் தலையில கவுத்து விட்டாரு பாரு. தெருவே சிரிச்சுது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"ஆமாம்மா" என்றேன்.

அப்பாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. எங்களிடம் சைக்கிள் இருந்ததே இல்லை. அந்த மழையை உண்டாக்கியவள் நான். சூளை வீட்டில் தம்பி ரேடியோப் பெட்டிகளைப் பார்த்தாலே அலறுவான். அவனைச் சிரிக்க வைக்க நானாகக் கட்டிச் சொன்ன கதை. அம்மா பக்கத்து அறையில் அப்பாவோடு இருப்பாள், எல்லாம் காதில் விழும்.

விழுந்து விழுந்து அவளுக்கு நடந்ததாகவே ஆகிவிட்டது போல.

படம் பார்த்தபோது எனக்கு ஏன் இது உறைக்கவில்லை? நான் என்னைத் தேடிக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

மார்ச் 14, சனி

அம்மா அதற்குப் பிறகும் தினமும் போயிருக்கிறாள். இன்று மறுபடி கிளம்பினாள். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

பாதி அரங்கு காலி. பின்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டே, "எப்படா பேய் வரும்?" என்றான். திரையில் அப்பா கடையை மூடிவிட்டு வருகிறார். பையனைத் தோளில் தூக்குகிறார். சட்டையில் சால்டரிங் புகை வாசம் என்று அம்மா மூக்கை மூடிக்கொள்கிறாள், அவர் வேண்டுமென்றே கட்டிக்கொள்கிறார். நடிகருக்கு அப்பாவின் ஜாடை துளிகூட இல்லை. ஆனால் சிரித்தால் தோள் குலுங்குகிறது. அது அப்பாதான்.

பக்கத்தில் என் அம்மா வாயைத் திறந்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளை விளக்கு வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வா, போலாம்."

"மீதி?"

"மீதியத்தான் மொத தடவையே பாத்துட்டேனே. அதுக்கு முன்னாடி வாழ்ந்தும் பாத்துட்டேன்."

வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டினார். "படம் இனிமேதான் சூடு புடிக்கும்மா. தெனமும் முக்கியமான எடத்துல எழுந்து போறீங்களே."

"எனக்கு இது போதும் தம்பி" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

ஊரே இழுவை என்று சொல்கிற பாதிக்குள் என் அம்மா போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

மார்ச் 19, வியாழன்

தம்பி கடைக்கே வந்துவிட்டான். வாயாடி எழுந்து நின்றுவிட்டாள். "அக்கா! இவரு அந்தப் படத்தோட டைரக்டர்!"

"என் தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல?

சோடாபுட்டி அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் இல்லை.

நான் கண் பரிசோதிக்கிற இருட்டறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். கண்ணாடி மாற்ற வந்ததாகச் சொன்னான். அந்த வேலையையாவது செய்வோம் என்று சோதனைக் கண்ணாடியை மாட்டி, லென்ஸ்களை மாற்றிக்கொண்டே கேட்டேன்.

"இது தெளிவா, அது தெளிவா?"

"மொதல்ல போட்டது."

"நான் ஏன்டா படத்துல இல்ல?"

எதிர்ச் சுவரில் வெளிச்சமாக இருந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதிப் பாத்தேன்க்கா. மூணு தடவ எழுதிப் பாத்தேன். நீ ஒரு சீன்ல வந்தாலே பயம் போயிடுது. நீ பக்கத்துல இருந்தா அந்தப் பையன் ஏன் பயப்படுவான்? அது பேய்ப் படமாவே நிக்கல."

அடுத்த லென்ஸை எடுத்து மாட்டினேன்.

"அப்புறம், மொத பாதி பூராவும் நீ சொன்னதுதான். அப்பாவ நான் அப்படிப் பாத்ததே இல்ல. எனக்குத் தெரிஞ்ச அப்பா பலகை அடிக்கிறவரு, அவ்ளோதான். அத வெட்டு வெட்டுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வெட்டல."

அம்மா அதைப் பார்க்கத் தினமும் போகிறாள் என்று சொன்னேன். கண்ணாடியோடு அப்படியே திரும்பினான். அந்தப் பெரிய வட்டங்களுக்குப் பின்னால் அவன் கண்கள் ரொம்பச் சின்னதாக இருந்தன.

"திட்டலியா?"

"நீயே வந்து கேளு."

அவன் போன பிறகு சோடாபுட்டி அண்ணன் வந்தார். "தெரியாம ஏதேதோ பேசிட்டேம்மா."

"தெரிஞ்சிருந்தாலும் அதத்தானண்ணா கேட்டிருப்பீங்க" என்றேன். நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். கேட்டதில்லை.

மார்ச் 22, ஞாயிறு

வந்தான்.

அம்மா உலர்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தாள். "வாப்பா" என்றாள், நேற்றுத்தான் போனவனைச் சொல்வது போல. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"மொத பாதி நல்லா எடுத்திருக்க. அப்பா அப்படித்தான் இருந்தாரு."

தம்பி என்னைப் பார்த்தான். நான் துணியைப் பார்த்தேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"சாவி உன் கிட்டதான இருந்துச்சு. எங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஏன் வெளிய வரல?"

ஊரெல்லாம் டிக்கெட் வாங்கிக் கேட்கிற கேள்வி. இந்த வீட்டில் இன்றுதான் முதல் தடவையாகக் கேட்கப்படுகிறது.

அம்மா கையிலிருந்த துண்டை மடித்து முடித்தாள். ஓரங்கள் சேரும்படி நீவிவிட்டாள்.

"விட்டுட்டு வந்தா அவரு செத்துருவாருன்னு நெனச்சேன். வரல. அப்பவும் செத்துட்டாரு."

"நாங்க?"

"நீங்க சாப்பிட்டீங்க, தூங்குனீங்க, ஒருத்தருக்கொருத்தர் கத சொல்லிக்கிட்டீங்க. அவரு ஒருத்தர்தான் தண்ணியில முங்குற மாதிரி இருந்தாரு. அவரையே பாத்துக்கிட்டு இருந்தேன். உங்களப் பத்தி நான் நெனைக்கவே இல்லப்பா. அதான் நெசம்."

"அவரு போனதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் எனக்கு வெளிய வரத் தெரியல."

தம்பி எழுந்தான். ஷூ நாடாவைக் கட்ட வெகுநேரம் ஆனது. போய்விட்டான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அம்மா சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்று நினைக்கிறேன்.

நெனைக்கவே இல்லியாம். என்னயும்தான். பன்னெண்டு வயசுலேர்ந்து அவனுக்குச் சோறு ஊட்டி, கத கட்டி, பலகைய நகத்தால பேத்து — இத்தன வருஷமா கூடவே இருக்கேனேம்மா, ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா?

மார்ச் 23, திங்கள்

காலையில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்குக் கிளம்பும்போது என் டப்பா கட்டி, துடைத்து, வழக்கமான இடத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டுதான் போனேன். பசிக்கும் இல்லையா?

மார்ச் 29, ஞாயிறு

தம்பியின் பேட்டி ஒன்று வந்திருந்தது. முன்பெல்லாம் 'அந்த அம்மாதான் என் படத்தின் உண்மையான பயம்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். இன்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள், "பார்த்தவங்க எல்லாரும் கேக்குறாங்க, அந்த அம்மா ஏன் கதவத் திறக்கல?"

"அது எனக்கு இப்பத்தான் தெரியும். தெரியாம எடுத்துட்டேன்" என்றான். அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

அரங்கிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். அம்மா அரங்கு வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். வேறு ஏதோ சண்டைப் படத்தின் சுவரொட்டி ஒட்டியிருந்ததாம்.

மனசு கேட்கவில்லை. அன்றைக்குப் பிறகு நானாகப் பேசியது இதுதான் முதல் தடவை. "போன்ல வரும்மா. நான் போட்டுத் தரேன்."

"வேணாம். அதுல அவரு ரொம்பச் சின்னதாத் தெரிவாரு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. என்னுடையது இல்லை, அம்மாவுடையது. அவளுக்கு யார் போன் செய்யப்போகிறார்கள்?

காது மந்தம் என்று சத்தத்தைக் கூட்டித்தான் வைத்திருப்பாள். சமையலறை வரை கேட்கும்.

"சாப்டியாம்மா?"

தம்பிதான். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சாப்டேன். நீ?"

"ம்."

பிறகு இரண்டு பக்கமும் பேச்சே இல்லை. வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

"வேல இருந்தா வெச்சிடுப்பா."

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் குழாயை மூடினேன்.