இரண்டு ஃபாரம், ஒரு கல்யாணம்

14.3.1989, செவ்வாய்

வந்துவிட்டது! வேலை முடிந்து ஃபெர்ரி இறங்கி வீட்டுக்கு வந்தால், அம்மா கடிதத்தைப் பிரிக்காமல் சாமி மேடையில் வைத்திருக்கிறாள். “வெளிநாட்டுக் கடுதாசி. நீயே பிரி.” முகத்தைப் பார்த்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது போல.

ஆஸ்திரேலியாவில், பெர்த் கல்லூரியில் இடம். லேப் டெக்னாலஜி, இரண்டு வருஷம், ஜூலையில் ஆரம்பம். அடுப்படியில் நின்று ஒரு ஆட்டம் போட்டேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கடிதத்தை இரண்டு தடவை படித்து, “நல்ல இங்கிலீஷ்” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

கேசுவின் மனைவி என்று ஜனவரியில் போட்ட விசா விண்ணப்பம் தூங்குகிறது. ஒரு வருஷம் ஆகுமாம், ஒன்றரை வருஷம்கூட ஆகுமாம். அதுவரை மாக் மண்டின் பெயிண்ட் ஃபாக்டரி லேப்பில் டப்பாவைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருக்க நான் என்ன மண் பொம்மையா? மாணவி விசாவில் போகிறேன். படித்த மாதிரியும் ஆச்சு, கேசு இருக்கிற ஊரில் இருந்த மாதிரியும் ஆச்சு.

“போய் எங்க தங்குவே?” என்றாள் அம்மா.

“கேசு வீட்லதான்.”

“தாலி கட்டாமலா?”

ஆரம்பித்துவிட்டது.

16.3.89, வியாழன்

இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. லேப்பில் கூட வேலை செய்கிற ரொஸ்னாவிடம் புலம்பினேன். அவளுக்குப் புரியவே இல்லை. “எங்களுக்கு நிக்கா முடிஞ்சா முடிஞ்சது லா. உங்களுக்கு என்ன, ரெண்டு தடவை?”

எப்படி விளக்குவது? கேசு வேலை செய்கிற கப்பல் பட்டறை வருஷத்தில் ஒரு முறைதான் மூடும், கிறிஸ்மஸுக்கு. அப்போது இங்கே மார்கழி. மார்கழியில் எவனாவது தாலி கட்டுவானா? அதனால் போன டிசம்பர் 22-ம் தேதி ஸ்பெஷல் லைசன்ஸ் எடுத்து ரெஜிஸ்டர் மட்டும் செய்தோம். மோதிரம், கையெழுத்து, வெளியே வந்து ஆளுக்கொரு தட்டு மீ கோரிங். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவன் புக்கிட் தெங்காவில் இருக்கிற அவன் அக்கா வீட்டுக்கு, நான் என் வீட்டுக்கு. சட்டப்படி நான் திருமதி. அம்மாபடி செல்வி.

18.3.89, சனி

சமாதான ஒப்பந்தம் முடிந்தது. அம்மாவின் நிபந்தனைகள்: ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். தை மாதம் வந்து கோயிலில் தாலி கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நான் எங்கே தங்கினாலும் அவளுக்குக் கவலையில்லை.

காஜா மொய்தீன் மாமா கடையிலிருந்து கேசுவுக்கு போன் போட்டேன். கிறிஸ்மஸுக்கு எல்லாரும் வீட்டுக்குப் போகும்போது தான் வேலைக்கு நின்று, அந்த லீவை பிப்ரவரிக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றான். “ஹாஸ்டலா?” என்று மட்டும் ஒரு தடவை கேட்டான். பாவம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா கையோடு கோயிலுக்குப் போய், பிப்ரவரி 4-ம் தேதி மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டி, ரசீதோடு வந்தாள். பெரிய அதிகாரிதான்.

20.3.89, திங்கள்

மாணவி விசா ஃபாரத்தை அப்பா எழுதினார். வேறு யார் எழுதுவது? போர்ட்டில் முப்பது வருஷம் கிளார்க். எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குப் பாஸ்போர்ட் என்றாலும், யார் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்றாலும் பழனியப்பண்ணன்தான். கறுப்பு மை, அடியில் ஸ்கேல், எல்லாம் பெரிய எழுத்து. “ஒரு அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாது” என்பார். கேசுவின் மனைவி விசா ஃபாரத்தை அங்கே அவனே எழுதி அனுப்பிவிட்டானென்று அவருக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.

ஃபெர்ரிக்கு நேரமாகிவிட்டது. நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். சீனி முகம்மது கடையில் ஒரு நகல் எடுத்து, அசலைத் தபாலில் சேர்க்கச் சொல்லிவிட்டு ஓடினேன்.

29.3.89

பதில் இல்லை.

5.4.89

பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார்.

11.4.89, செவ்வாய்

ஐயோ. ஐயோ. ஐயோ.

விசா இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், 20-ம் தேதி, கோலாலம்பூரில். சந்தோஷமாக ஃபாரத்தின் நகலை எடுத்து உட்கார்ந்தேன், என்ன கேட்பார்கள் என்று பார்க்கலாமென்று. இரண்டாம் பக்கம். கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்கிற இடம். அப்பாவின் அழகான பெரிய எழுத்தில்: SINGLE.

கீழே என் கையெழுத்து.

அதற்கும் கீழே பொடி எழுத்தில்: பொய்த் தகவல் கொடுத்தால் இந்த விண்ணப்பமும், நீங்கள் செய்திருக்கும் மற்ற விண்ணப்பங்களும் தள்ளுபடியாகலாம்.

ஒரே ஆபீஸ். ஒரு ஃபாரத்தில் நான் கார்த்திகேசுவின் மனைவி. இன்னொரு ஃபாரத்தில் கல்யாணமே ஆகாத பெண். ரெண்டும் போச்சு. படிப்பும் போச்சு, கேசுவும் போச்சு.

“என்னப்பா இது?” என்று கத்தினேன். அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “சரியாத்தானே இருக்கு.”

“எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சுப்பா! நீங்கதானே சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்க!”

“அது ரெஜிஸ்ட்ரேஷன்மா. கல்யாணம் இன்னும் ஆகலையே.”

அவர் விளையாடவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. “ஊருக்கெல்லாம் எழுதுறீங்க, சொந்த மக தலையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே” என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பேனாவை மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

12.4.89, புதன்

படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட கழுதை யார்? நான். இது இன்று ஃபெர்ரியில்தான் உறைத்தது.

சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் ஏதோ ஃபாரத்தோடு வந்தார். அப்பா, “கண்ணு சரியாத் தெரியலை தம்பி, வேற யார்கிட்டயாவது குடுங்க” என்று அனுப்பிவிட்டார்.

கேசுவுக்கு போன் போட்டேன். நல்லா திட்டுவான் என்று நினைத்தேன். அவனோ, “நான் வேணா வேலையை விட்டுட்டு வந்துடறேன் வள்ளி. இங்க மட்டும் என்ன வச்சிருக்கு?” என்றான். அழுதுவிட்டேன். கடையில் நாலு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

14.4.89, வெள்ளி

புத்தாண்டு. அப்பாவும் நானும் இன்னும் பேசவில்லை. பாயசம் மட்டும் நன்றாக இருந்தது.

15.4.89, சனி

காலையில் அப்பா பழைய ஆபீஸ் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எங்கேயோ போனார். மதியம் வந்து என் முன்னால் ஒரு காகிதத்தை வைத்தார். சத்தியப்பிரமாணக் கடிதம், முத்திரையோடு. அவரே எழுதி, ஆணையர் முன்னால் சத்தியம் செய்து வாங்கி வந்திருக்கிறார். பழனியப்பன் ஆகிய நான், என் மகள் புஷ்பவள்ளியின் ஃபாரத்தை நிரப்பியது நானே, அவள் 22.12.1988 முதல் சட்டப்படி கார்த்திகேசுவின் மனைவி. எங்கள் வழக்கப்படி கோயிலில் தாலி ஏறாததால் மணமாகாதவள் என்று எழுதினேன். அது என் பிழை, அவளுடையது அல்ல.

முப்பது வருஷத்தில் ஒரு அடித்தல் இல்லை என்று பெருமை பேசுகிற மனுஷன், யாரோ ஒருவர் முன்னால் நின்று “என் பிழை” என்று சத்தியம் செய்திருக்கிறார்.

“ஸாரிப்பா” என்றேன்.

“இல்லம்மா. அந்த இடத்துல ‘கல்யாணம் ஆனவள்’னு எழுத எனக்குக் கை வரலை. அதான் உண்மை” என்றார்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அம்மா மீன் பொரித்திருந்தாள்.

20.4.89, வியாழன் — கோலாலம்பூர்

மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

அப்பாவை வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்கார அம்மா, வயது ஐம்பது இருக்கும். மேசையில் என்னுடைய இரண்டு ஃபாரமும் பக்கத்துப் பக்கத்தில். ஆக, கண்டுபிடித்துவிட்டார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பாவின் கடிதத்தை நீட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

“ஆக, உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லையா?”

“உங்க கணக்கில் ஆகிவிட்டது மேடம். எங்க அம்மா கணக்கில் இன்னும் ஆகவில்லை.”

வாய்க்கொழுப்பு! சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் பேனாவைக் கீழே வைத்தார். மார்கழி என்றால் என்ன என்று கேட்டார். கப்பல் பட்டறை, கிறிஸ்மஸ், மார்கழி எல்லாவற்றையும் சொன்னேன். “வருஷா வருஷம் இரண்டும் இப்படியே மோதுமா?” என்று அவரே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

பிறகு முகம் மாறியது. “மாணவி என்றால் படிப்பு முடிந்து திரும்பிப் போகிறவள். உன் கணவர் அங்கே இருக்கிறார். நீ திரும்பி வருவாய் என்று நான் எப்படி நம்புவது?”

பொய் சொல்லலாம். ஏற்கெனவே ஒரு பொய்யே கழுத்தை நெரிக்கிறது. “அவரோடு வாழத்தான் ஆசை மேடம். அதற்குத்தான் அந்த ஃபாரம். அதை நீங்கள் இல்லையென்று சொன்னால், படிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன், அவரையும் இங்கே வரச் சொல்லுவேன். எப்படியும் பிப்ரவரி 4-ம் தேதி நான் பினாங்கில் இருந்தாக வேண்டும். நான் வராமல் என் கல்யாணம் நடக்காது” என்று அம்மா வாங்கிய மண்டப ரசீதைக் காட்டினேன். தமிழில் இருந்தது. தேதி மட்டும் அவருக்குப் புரிந்தது.

“அதுவரை எங்கே தங்குவாய்?”

“ஹாஸ்டலில். அம்மா உத்தரவு.”

“உன் கணவர் ஒத்துக்கொண்டாரா?”

“அவரை யாரும் கேட்கவில்லை மேடம்.”

சிரித்தேவிட்டார். ரசீதையும் அப்பா கடிதத்தையும் நகல் எடுத்துக்கொண்டார். முடிவு எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்தால் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். “என்னம்மா கேட்டாங்க?” என்றார். “அம்மாவைப் பத்தித்தான்” என்றேன்.

9.5.89

பதில் இல்லை. நகம் எல்லாம் தீர்ந்துவிட்டது.

6.6.89, செவ்வாய்

பாஸ்போர்ட் வந்தது. உள்ளே விசா! மாணவி விசா! மனைவி விண்ணப்பமும் அப்படியே இருக்கிறதாம், தனியாகப் பார்ப்பார்களாம். அம்மா தேங்காய் உடைக்கக் கிளம்பிவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் செய்தி கேட்டு, ஏப்ரலில் கொண்டுவந்த ஃபாரத்தையே மறுபடி தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “உக்காருங்க தம்பி” என்றார்.

9.7.89, ஞாயிறு — பெர்த்

ஹாஸ்டல் அறை குளிர்கிறது. கேசு இரண்டு கம்பளி கொண்டுவந்து, வாசலில் கொடுத்துவிட்டுப் போனான். ஆண்களுக்கு உள்ளே அனுமதியில்லை. அம்மாவே வந்து நடத்துகிற ஹாஸ்டலோ?

பாயான் லெப்பாஸ் ஏர்போர்ட்டில் அம்மா அழுதாள், ரொஸ்னா அழுதாள். அப்பா மட்டும் ஜாலியாக காப்பி குடித்துக்கொண்டு, விமானம் எத்தனை மணிக்கு, எந்தக் கதவு என்று எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

9.1.1990, செவ்வாய் — பெர்த்

மனைவி விசா கிடைத்துவிட்டது! ஆனால் அதைக் கையில் தரும்போது நான் ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இருக்க வேண்டுமாம். பிப்ரவரி முதல் வாரம் மலேசியாவில் இருக்க முடியுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். முடியுமாவா! கேசு கடிதத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் குதித்தான்.

4.2.1990, ஞாயிறு — பினாங்கு

வியாழக்கிழமை விசா முத்திரை விழுந்தது. இன்று காலை தாலி ஏறியது. அம்மா கணக்கும் சரியாகிவிட்டது. கேசு மூன்றாவது முடிச்சையும் தானே போட்டுவிட்டான். அதைப் போட வேண்டிய அவன் அக்கா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

பந்தி முடிகிற நேரம் அப்பாவைக் காணோம். மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பதறிவிட்டது.

“என்னப்பா, நான் போய் ஏழு மாசம் ஆச்சே. ஏர்போர்ட்ல சிரிச்சிட்டுத்தானே இருந்தீங்க?”

“அன்னைக்கு நீ படிக்கப் போனேம்மா,” என்றார். “இன்னைக்குத்தானே போறே.”

எனக்கும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கேசு தேடிக்கொண்டு வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் மூன்று கப் ஐஸ்கிரீம் கொண்டுவந்தான். மூன்று பேரும் சாப்பிட்டோம்.