கலப்பு இரட்டையர்

யோகமலருக்கு,

போதுமான காலம் வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். வெள்ளவத்தைப் பட்மின்டன் போட்டியில் நடுவர் அநியாயமாக "அவுட்" என்றதால்தான் நான் ராக்கெட்டை எறிந்தேன். ஆனால் என் ஜோடியாக நின்ற நீர் எதிரணிக்காரரிடம், "பயப்படாதையுங்கோ, இவர் வீட்டில ரிமோட்டையும் இப்பிடித்தான் எறியிறவர்" என்றீர். மண்டபமே சிரித்தது. நடுவரும் சிரித்தார், அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வரும் சனிக்கிழமைப் போட்டிக்குப் பல் வைத்தியர் நாகேந்திரத்தை ஜோடி சேர்த்திருக்கிறீராம். அவருக்குக் கோபமே வராதாம். கோபம் வராதவருக்கு ஸ்மாஷ் எப்படி வரும்?

இனி எதையும் எறியமாட்டேன். என்னையே சேர்த்துக்கொள்ளும்.

அடுத்த அறையில் இருக்கும் உமக்கு இதைத் தபாலில்தான் அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. போட்டால், நான் மன்னிப்புக் கேட்டதற்கு அத்தாட்சி என்று பட்மின்டன் கழகம் முழுவதும் காட்டுவீர்.