டி-யில் விட்டுப்போன வண்டி

கோபப்படத் தெரியாத என் அன்பு அத்தானுக்கு,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். உங்களிடம் அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் இங்குள்ள சமாச்சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. மட்டாஞ்சேரி ஜெட்டிப் பக்கத்து நம் டாக்சி ஸ்டாண்டில் பதினான்கு வண்டிகள் நின்றன அல்லவா, இப்போது ஒன்பதுதான். ஃபோர்ட் கொச்சி ஹோட்டல்களிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வியே "கரண்ட் வண்டி உண்டோ?" என்பதுதான். நம் செக்ரட்டரி ஜோசி சேட்டன் "இல்லா" என்பார். அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள். சேட்டன் போனையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்ப்பார். பிறகு எல்லோரும் சாயா குடிக்கப் போவோம். சாயா மட்டும் நன்றாகக் குடிக்கிறோம், அத்தான்.

நானும் பழையபடி பெட்ரோல் வண்டிக்கு வந்துவிட்டேன். அந்த வெள்ளை எலக்ட்ரிக் காரை நீங்கள் போன இரண்டாம் மாதமே விற்றுவிட்டேன். அதைக் கண்டாலே பயமாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெரிய சேதி உங்கள் மகளைப் பற்றியது. கலூரில் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த நித்யா இப்போது டிரைவர். பேட்ஜ் எடுத்து, ஒரு கம்பெனிக்காக எலக்ட்ரிக் கார் ஓட்டுகிறாள். நன்றாக ஓட்டுகிறாள். என்னைவிட நன்றாக என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், 'அது ஒரு பெரிய விஷயமாடா' என்பீர்கள். இனி கம்பெனிக்காக ஓட்டுவதில்லை, சொந்த வண்டி எடுத்து ஸ்டாண்டில் உங்கள் இடத்தில் நிற்க வேண்டும் என்கிறாள். லோனுக்கும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அவள் எடுக்கப்போவது நான் வைத்திருந்த அதே மாடல்.

ஜோசி சேட்டனிடம் அவள் போய்க் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"மோளே, உன் அப்பனோட இடம் உனக்கு உள்ளதுதான், அதுல ஒரு தர்க்கமும் இல்ல" என்றார். "பக்ஷே கரண்ட் வண்டி இங்க வேண்டா. கை பட்டா ஓடுற சாதனத்த நாங்க எப்படித் தள்ளும்? உன் அப்பன் முருகேசனைக் கொன்னது அதுதானே?"

"சேட்டா, பெட்ரோல் வண்டி எடுத்தா எனக்கு யாரு ஓட்டம் தருவா? லோன் முடியறதுக்குள்ள அது பழைய இரும்புக்குப் போயிடும்."

"அது நீ பெரிய ஆளுங்க கிட்ட கேளு. எனக்கு இன்னொரு சவம் சுமக்க வய்யா."

நான் பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். வாய் கிழியப் பேசுகிறவன் என்று என்னைக் கேலி செய்வீர்களே. அன்று என் வாய்க்குள் நாக்கு இருந்ததா என்றே தெரியவில்லை.

நம் ஸ்டாண்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் அதைச் சொல்லாமல் என் தப்பைச் சொல்ல வராது. முதல் வண்டி ஓட்டம் போனால் பின்னால் நிற்கிற நாங்கள் யாரும் என்ஜினை ஸ்டார்ட் செய்ய மாட்டோம். நியூட்ரலில் போட்டு, கையால் தள்ளி முன்னால் நகர்த்துவோம். பெட்ரோலை மிச்சம் பிடிக்கத் தொடங்கிய பழக்கம், பிறகு மரியாதையாகவே ஆகிவிட்டது. சாப்பிடப் போனவனுடைய வண்டியை அவனுக்குப் பின்னால் நிற்பவன் தள்ளி வைக்க வேண்டும். அதற்காகத்தான் கண்ணாடியை இறக்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டுப் போவோம். தள்ளுகிறவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹேண்ட்பிரேக்கை இறக்குவான், ஸ்டியரிங்கைப் பிடித்துத் தோளால் தள்ளுவான். நான் எலக்ட்ரிக் வண்டி கொண்டுவந்தபோது அது இங்கே சரிப்படாது என்று முணுமுணுத்தார்கள். நீங்கள்தான், "அவன் வண்டிய நான் தள்ளிக்கறேன், உங்களுக்கு என்ன?" என்று வாயை அடைத்தீர்கள்.

அன்று வல்லார்பாடத்தில் ஒருவரை இறக்கிவிட்டு வந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வரிசையில் நிறுத்தினேன், ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், இறங்கினேன். வண்டி கீ கீ என்று கத்தியது. அது பெல்ட்டைக் கழற்றினாலும் கத்தும், கதவைத் திறந்தாலும் கத்தும். அதன் கத்தலை எப்போதோ காதில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். கதவை அடித்துச் சாத்திவிட்டுப் பரோட்டாக் கடைக்கு ஓடினேன்.

கியர் குமிழ் டி-யில், அதாவது முன்னால் ஓடுகிற டிரைவில் இருந்தது, அத்தான். நான் அதைத் திருப்பவில்லை, வண்டியை அணைக்கவும் இல்லை.

பெட்ரோல் வண்டியில் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. கியரில் விட்டு கிளட்சிலிருந்து காலை எடுத்தால் குலுங்கி நின்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிடும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் காது சொல்லும். இருபத்திரண்டு வருஷம் காதை நம்பி இறங்கிப் பழகியவன் நான். சத்தம் இல்லை, அதனால் அணைந்துவிட்டது என்று என் உடம்பே முடிவு செய்துவிட்டது.

முன்வண்டி போனதும் நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றப் போனீர்கள். ஹேண்ட்பிரேக்கை இறக்கியதும் வண்டி தானாக நகர்ந்தது. லேசான வண்டி என்று முதலில் சிரித்தீர்களாம். அது நிற்கவில்லை என்றதும், நாம் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்தீர்கள். முன்னால் ஓடி பானெட்டில் கையை ஊன்றினீர்கள். தள்ளிவிட்ட வண்டி ஆள் பிடித்தால் நிற்கும். இது நிற்காமல் தள்ளிக்கொண்டே வந்தது. உங்களுக்குப் பின்னால் அரிசி லாரி நின்றது.

நான் பரோட்டாக் கையோடு ஓடி வந்தேன். உள்ளே பாய்ந்து பிரேக்கை மிதித்தேன். அப்போதுதான் டி என்ற எழுத்து வெளிச்சமாகத் தெரிந்தது. குமிழை நியூட்ரலுக்குத் திருப்பினேன். எல்லோரும் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கையை யாரும் பார்க்கவில்லை.

போலீஸ்காரர் கேட்டபோது, "நான் நியூட்ரலில்தான் விட்டுட்டுப் போனேன் சார், அத்தான் உள்ளே கை விட்டப்போ குமிழில் பட்டிருக்கும்" என்றேன். இதற்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இவ்வளவு சுலபமாக எனக்குப் பொய் வரும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

இதைவிட மோசமானது ஆஸ்பத்திரியில் நடந்தது. காலில் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் வந்து உட்கார்ந்தால் என் முகத்தைப் பார்த்துவிட்டு நீங்களே ஆரம்பிப்பீர்கள்.

"கணேசா, என் கைதான் பட்டிருக்கும் போல. பழக்கமில்லாத வண்டில்ல. நீ ஏன்டே விசாரப்படுத?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விடுங்க அத்தான், ஆனது ஆச்சு" என்றேன். உங்களை மன்னித்துவிட்ட மாதிரி! நாலு நாள் இருந்தது எனக்கு. ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கி, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று ஐந்தாம் நாள் டாக்டர் சொன்னார். உங்கள் தப்பு என்று நம்பிக்கொண்டே போய்விட்டீர்கள் அல்லவா?

அக்காவும் அதையே நம்புகிறாள். அவள் அழுதுகொண்டிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். அவள் உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள். உங்கள் படத்துக்குப் பூ வைக்கும்போதே திட்டுகிறாள்.

"தெரியாத சாமான்ல கை வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்? மிக்சியா இருந்தாலும் கை வைக்கணும், வண்டியா இருந்தாலும் கை வைக்கணும். வெச்சு என்னத்தக் கண்டாரு? எங்கள நடுத்தெருவுல விட்டாரு."

என்னிடம் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே இதைச் சொல்வாள். நான் வாங்கிக் குடிப்பேன்.

போன வியாழக்கிழமை நித்யா வீட்டுக்கு வந்தாள். கம்பெனி வண்டியில் வந்தாள், அதுவும் அதே மாடல்தான். "மாமா, வாங்க, உட்காருங்க" என்று என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தாள். அவள் வெளியே ஜன்னலோரம் நின்றாள். மேடு பள்ளமில்லாத சமமான ரோடு, மத்தியானம், பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாசனை.

"காலை எடுங்க. பிரேக்குல வைக்காதீங்க" என்றாள். ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் குமிழை டி-க்குத் திருப்பினாள். வண்டி கீ என்று கத்தியது. திரையில் நியூட்ரலுக்கான 'என்' எழுத்து அப்படியே இருந்தது. இன்னொரு தடவை திருப்பினாள். அப்போதும் அப்படியே.

"பிரேக்க கால் வெச்சு சவிட்டாம இது டி-ல விழாது மாமா. டிரெய்னிங்ல முதல் நாளே சொல்லித் தருவாங்க."

நான் காலைப் பிரேக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய், திரும்ப இழுத்துக்கொண்டேன்.

"அப்பா வெளியிலதானே நின்னாங்க?"

"என் வண்டிக்கு ஏதாச்சும் கம்ப்ளெயின்ட் இருந்திருக்கும் மோளே" என்றேன்.

அடுத்த பொய். அதையும் ஒரு நிமிஷம் யோசிக்காமல் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நீங்கள் பார்க்கிற மாதிரிதான், கண்ணைச் சிமிட்டாமல். பிறகு, "ஞாயித்துக்கிழமை ஸ்டாண்டு மீட்டிங் இருக்கு. எனக்காக நீங்க பேசணும் மாமா. நீங்க சொன்னா ஜோசி சேட்டன் கேப்பாரு" என்றாள். கதவைத் திறந்துவிட்டாள், நான் இறங்கினேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது சத்தமே இல்லை.

அவளுக்குத் தெரியுமா அத்தான்? தெரிந்துகொண்டே நானாகச் சொல்வதற்கு ஒரு வழி விட்டுக் கொடுத்தாளா? இல்லை, மாமா பொய் சொல்ல மாட்டான் என்று நம்பித்தான் போனாளா? இரண்டு நாளாக இதையே போட்டுக் குடைந்துகொண்டிருக்கிறேன். எது உண்மையாக இருந்தாலும் எனக்கு அதில் பெருமை இல்லை.

எனக்கு என்ன பயம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போலீஸ் மறுபடி கூப்பிடும். ஸ்டாண்டிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள். அதெல்லாம் இருக்கட்டும். அக்கா வாசலில் எனக்கு இனிமேல் செருப்பைக் கழற்ற இடம் இருக்குமா? எனக்கு இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உங்கள் மகள் உங்கள் இடத்தில் நிற்க முடியாது. ஸ்டாண்டு முழுக்க ஒரு வண்டியைப் பேயாக்கி வைத்திருக்கிறேன். ஊர் முழுக்க அந்த வண்டிகள் ஓட, நாங்கள் ஒன்பது பேர் மட்டும் அதைக் கண்டு பயந்து, வராத ஓட்டத்துக்குக் காத்துக் கிடக்கிறோம். அந்தப் பயத்தை உண்டாக்கியவன் நான். வண்டி சொன்னதைத்தான் செய்தது. காதைத் தவிர வேறெதையும் நம்பத் தெரியாதவன் அதை ஓட்டினான். புது வண்டி வாங்கினால் போதும், புதிதாக ஒன்றும் பழக வேண்டாம் என்று நினைத்தேன். கூட்டத்தில் இதைச் சொன்னால் ஜோசி சேட்டன் மசிவாரா? தெரியவில்லை. தள்ளுகிற வழக்கத்தை விடச் சொன்னால் சண்டை வரும், அது மட்டும் நிச்சயம்.

ஞாயிற்றுக்கிழமை நாளைக்கு. மீட்டிங் பத்து மணிக்கு. நான் அங்கே எழுந்து நின்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது கோழைத்தனம். ஒன்பது ஆண்கள் நடுவில் நின்று அப்பாவின் சாவைப் பற்றி அவள் முதல்முறையாகக் கேட்கக் கூடாது. அழக்கூட அவளுக்கு இடம் இருக்காது.

இதை ஏன் தமிழில் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நித்யா மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. அக்காவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. மேஜையில் கிடந்தாலும் இருவராலும் வாசிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். உங்களிடம் மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போகிறேன். இருவரையும் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார வைத்து, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து நானே சத்தமாக வாசிக்கப் போகிறேன். அக்கா எழுந்து போனாலும் நிறுத்த மாட்டேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. ஆஸ்பத்திரியில் நாலு நாள் சொல்லாமல் விட்டதை அவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறேன். உங்கள் கை எதிலும் படவில்லை, அத்தான்.

அவர்கள் இனி என்னை எப்படிக் கூப்பிட்டாலும்,
உங்கள் மச்சினன்,
கணேசன்