எட்டு வேகத்தடை, ஆறு முட்டை

கலை,

நீ சொன்னது திங்களா செவ்வாயா, சரியாக நினைவில்லை. "இடுப்பே போச்சுங்க, இனித் தரணி ஸ்கூட்டர்ல ஏறவே மாட்டேன்" என்றாய். நான் பாட்டுக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். தப்புத்தான்.

இன்று காலை நீ தூங்கும்போது அந்த ஸ்கூட்டருக்குப் புது ஷாக் அப்சார்பர் மாட்டினேன். கம்பெனி மெஷினில் தையல் லூசானால் நூல் டென்ஷனை இறுக்குகிற பழக்கத்தில் ஸ்பிரிங்கை முழுக்க இறுக்கிவிட்டேன், வண்டி குதித்தது. "ஏனுங்கப்பா, இதென்ன ஓவர்லாக் மெஷினா?" என்று சிரித்தாள் உன் மகள் தரணி. அப்படியே உன் வாய். தளர்த்தினேன். வேலம்பாளையம் போய், எட்டு வேகத்தடை தாண்டி, ஆறு முட்டை கொண்டுவந்தோம். ஒன்றுகூட உடையவில்லை!

நாலு மணிக்குத் தரணி வருவாள். பின்னால் ஏறி, உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வா.

பி.கு. இரண்டு முட்டையை நானே உடைத்து உனக்கு ஆம்லெட் போட்டு மூடிவைத்திருக்கிறேன். மீதி ஃப்ரிட்ஜில். தரணி காலேஜில், நான் கம்பெனியில், பழைய ஷாக் காயலான்கடையில்.