கடைசியாக வந்தவருக்குக் காபி இல்லை

என் செல்ல நாத்தனாரே, அலமேலு,

நீ போன மழையும் ஓய்ந்து, துர்கா பூஜையும் முடிந்துவிட்டது. கடிதம் உனக்குத்தான். ஆனால் இதைச் சென்னையிலிருந்து வரும் மாதர் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். அதை எனக்கு முன்னால் பிரித்துப் படிப்பவர் உன் அண்ணா. படிக்கட்டும். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்றுதான் நமக்கு வழக்கம். அடையாளம் சொல்லக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. கிடர்பூரில் கப்பல் ஆபீஸ் ஹெட் கிளார்க், வாயில் வெற்றிலை, வாய் திறந்தால் பழமொழி. போதாதா?

பதினாறு வயதில் தாலியை இழந்து எங்களிடம் வந்தவள் நீ. மூலையில் உட்காரப் பிடிக்காமல், இந்த பவானிப்பூர் வீட்டின் நாலு குடித்தனத்துக் குழந்தைகளையும் மொட்டை மாடி அறையில் சேர்த்து அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தாய். பிரம்பு என்ற பேச்சே கிடையாது. யாராவது கடித்தால், கடித்தவனுக்குப் பசியா தூக்கமா என்றுதான் முதலில் பார்ப்பாய். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் எதிரெதிரே உட்கார வைப்பாய். “கிட்டு, உன் கஷ்டத்தை அப்பறம் சொல்லு. மொதல்ல விசுவுக்கு என்ன கஷ்டம்னு நீ சொல்லு.” என் பிள்ளை திருதிருவென்று முழிப்பான். “நான் தள்ளினதுல அவன் கால் வலிச்சிருக்கும்” என்று அவன் வாயிலிருந்து வரும்வரை நீ காத்துக்கொண்டிருப்பாய். மாடிப்படியில் நின்று கேட்ட நான் அதை ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் மாடி அறைக்கு வந்தாரே அந்தப் பெரிய மனிதர், உன் அண்ணாவின் மேலதிகாரி! குழந்தைகள் எழுந்து நிற்கவில்லை. கிட்டு அவர் முகத்தை அண்ணாந்து பார்த்து, “மாமா, உங்க மூக்குக்குள்ள ஏன் மீசை இருக்கு?” என்று கேட்டான். நீ சிரித்துவிட்டாய். நீ செய்த குற்றம் அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே தீர்ப்பு ஆகிவிட்டது. “அடியாத மாடு படியாது. அடி உதவறாப்பல அண்ணன் தம்பி உதவ மாட்டான்” என்றார் உன் அண்ணா. இரண்டாவது பழமொழி உன் விஷயத்தில் எத்தனை உண்மை என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியுமோ என்னவோ.

ஊரிலிருந்து வாத்தியார் வந்தார், பிரம்போடு. உன் அண்ணா கிட்டுவை அவர் முன்னால் நிறுத்தி, “கண்ணு ரெண்டையும் விட்டுட்டு பாக்கியெல்லாம் உரிச்சுடுங்கோ” என்று ஒப்படைத்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சட்டமும் கூடவே வந்தது. முதலில் வருகிற குழந்தைக்கு அடி இல்லை. அடுத்து வருவதற்கு உள்ளங்கையில் ஒன்று, அதற்கடுத்ததற்கு இரண்டு, இப்படியே ஏறிக்கொண்டு போகும். எல்லாரும் சீக்கிரம் வந்தாலும் ஒருத்தர் கடைசியாக வந்துதானே ஆகவேண்டும்? இதை அந்த வாத்தியாரிடம் யார் கேட்பது?

நீ கீழே மாவு அரைத்துக்கொண்டிருப்பாய். மேலே ஒவ்வொரு அடி விழும்போதும் உன் கை குழவியில் நின்றுவிடும். சாப்பாட்டை நிறுத்தினாய். மழையோடு ஜுரம் வந்தது, உன்னைக் கொண்டுபோய்விட்டது. வைத்தியர் ஜுரம் என்றார், நானும் ஊருக்கு அப்படியே எழுதினேன். ஆனால் எதிர்க்கத் தெம்பில்லாத உடம்பைத் தேடி ஜுரம் ஏன் வந்தது என்று உன் அண்ணா ஒருநாள் கேட்டாரா, அலமேலு?

நீ போன பிறகு நடந்ததைக் கேள். எதிர்ப்போர்ஷன் சுந்தரேசனின் பிள்ளை விசுவுக்குக் கால் விந்தல் என்பது உனக்குத் தெரியும். ஒரு காலை நான் துணி உலர்த்தப் போனால், மாடிப்படிக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. வெளியே விசு நின்று அழுதுகொண்டிருந்தான். தாழிட்டவன் என் கிட்டு. தான் கடைசி ஆகாமல் இருக்க, நொண்டிக் குழந்தையை வெளியே நிறுத்திவிட்டு, மேலே சமர்த்தாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான்! உன்னிடம் விசுவின் வலியைச் சொல்லக் கற்றுக்கொண்ட அதே பிள்ளை. கிட்டுவைத் தொடவில்லை. யாரைத் தொடவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

விசுவின் அம்மா குஞ்சம்மாளிடம் சொன்னேன். மற்ற இரண்டு வீட்டுக்காரிகளும் சேர்ந்தார்கள். அன்று முதல் நாலு ஆண்களுக்கும் எங்கள் கூடத்தில்தான் காபி. ஆபீஸிலிருந்து முதலில் வருபவருக்கு முழு டம்ளர், அடுத்தவருக்கு அரை, மூன்றாமவருக்கு ஒரு வாய். கடைசியாக வருபவருக்குக் காலி டம்ளர். உன் அண்ணாவுக்கும் சுந்தரேசனுக்கும் ஒரே ஆபீஸ், கிடர்பூரிலிருந்து வரவேண்டும். கடைசி இடம் அவர்கள் இருவரில் ஒருவருக்கு எழுதிவைத்தது.

“என்னடி இது?” என்றார் முதல் நாள்.

“காலி டம்ளர். கடைசியா வந்தேள்.”

“கப்பல் நாழி கழிச்சு வந்தா நான் என்னடி பண்ணுவேன்? டிராம் நின்னுபோனா நானா தள்ளுவேன்?”

“விசுவும் கால் வலிக்கறதுன்னுதான் சொன்னான். வாத்தியார் கேட்டாரா?”

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்? அடுத்த சில நாட்கள் எங்கள் தெருவுக்கே வேடிக்கை. தலைப்பாகை கட்டிய இரண்டு பெரியவர்கள் டிராமிலிருந்து குதித்து, அங்கவஸ்திரம் பறக்க ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டு வங்காளி மன்னி, அந்த பௌதி, “எங்கேயாவது தீப்பிடித்துவிட்டதா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் காத்திருந்தேன்.

நான் காத்திருந்தது நடந்தது. ஒருநாள் உன் அண்ணா மட்டும் தனியாக, நிதானமாக வந்தார். வெகுநேரம் கழித்துச் சுந்தரேசன் வியர்த்துக்கொட்ட வந்து நின்றார். “சார்தான் சொன்னார், துரை என்னைக் கூப்பிடறார்னு. திரும்பி ஓடினேன். துரை எப்பவோ கிளம்பிப் போயாச்சாம்.”

உன் அண்ணா தரையைப் பார்த்தார்.

“ஒரு வாய் காபிக்காகவா பொய் சொன்னேள்?” என்று கேட்டேன்.

“காபிக்காக இல்லடி. நாலு பேர் முன்னால காலி டம்ளரோட உக்காந்திருக்க முடியலே.”

“அஞ்சு வயசுக் குழந்தையால முடியுமா?”

உன் வழக்கப்படி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். “உங்க கஷ்டத்தை அப்பறம் சொல்லுங்கோ. அவருக்கு என்ன கஷ்டம்னு நீங்க மொதல்ல சொல்லுங்கோ” என்றேன். ஹெட் கிளார்க் வாயில் பழமொழி வரவில்லை. “கால் கடுக்க ஓடியிருப்பார்... பாவம்” என்றுதான் வந்தது. கதவருகே நின்ற கிட்டு விசுவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுவாரமே உன் அண்ணா வாத்தியாரை ரயிலேற்றிவிட்டார். பிரம்பை நான் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். நன்றாக எரிந்தது. இப்போது மாடி அறையில் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உன் பொறுமை எனக்கு வராது. ஆனாலும் குழந்தைகள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். மற்ற மூன்று பேருக்கும் முழு டம்ளர் காபி வந்துவிட்டது. உன் அண்ணாவுக்கு மட்டும் இன்னும் இல்லை.

“உன் கோபம் தீரவே தீராதாடி?” என்று நேற்றுக் கேட்டார். நான் பரண் மேலிருந்த பருப்பு டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற கிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், அடி வாங்க உள்ளங்கையை நீட்டினான். அவர் அதைப் பார்த்தார். எழுந்து போனார்.

நீயாக இருந்தால் மன்னித்திருப்பாய். நான் நீ இல்லை, அலமேலு. உன்மேல் ஆணையாகச் சொல்கிறேன்: மாடியில் நடப்பது உன் சட்டம், நான் உயிரோடு இருக்கும்வரை அது மாறாது. மாடிப்படிக்குக் கீழே என் சட்டம். என் பிள்ளை கையை நீட்ட மறக்கிற அன்றைக்கு உன் அண்ணாவுக்குக் காபி.

இப்படிக்கு,
பழியை இன்னும் அடுப்பிலிருந்து இறக்காத,
உன் மன்னி