சாமான் என்ற சொல்

ஈப்போ
14.7.1985

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் லண்டனில் நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, அப்பா சாப்பிடுகிறார், நான் நடமாடுகிறேன், அவ்வளவுதான். நீ அனுப்பிய சட்டை வந்தது. தைப்பிங்கில் மழை விடவே இல்லை, தம்பிக்குக் குளிருமே என்று அங்கே ஜெயிலுக்கு எடுத்துப் போனேன், வாங்க மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள்.

தம்பி அர்ச்சுனனுக்குத் தூக்கு என்று தந்தி மட்டும் கொடுத்தேன், எப்படி நடந்தது என்று மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டாய், சொல்ல வெட்கமாக இருந்தது. கஞ்சா இருந்த பை லாரிக்கார உடையப்பனுடையது. உன் தம்பி அவனை அண்ணன் என்று கூப்பிட்டுக்கொண்டு அவனிடம் மூட்டை ஏற்றி இறக்கப் போனவன். இருவரையும் ஒன்றாகத்தான் பிடித்தார்கள், பிறகு உடையப்பன் கேஸைச் சின்னதாக்கி அவனையே அரசாங்கச் சாட்சியாக்கிக்கொண்டார்கள். ஏன் என்று கேட்டால் அது அரசாங்க வக்கீல் இஷ்டம், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லையாம். சுருக்கு யார் கழுத்துக்கு என்று முடிவு செய்கிறவர்களைக் கேள்வி கேட்க ஆளே இல்லை. கஞ்சாவைச் சோதித்த ஆபீசரைக் கோலாலம்பூரிலிருந்து காரில் கூட்டிவந்து மூன்று நாள் ஓட்டலில் வைத்துச் சோறு போட்டார்கள். நம் பிள்ளைக்கும் அரசாங்கமே பழனியப்பன் என்று ஒரு வக்கீலை வைத்துக் கொடுத்தது, அவர் அவனைப் போய்ப் பார்த்தது இரண்டே தடவை.

என்னைக் கூண்டில் ஏற்றி, பையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மகன் என்ன சொன்னான் என்று அரசாங்க வக்கீல் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத மடச்சி நான், "அண்ணனோட சாமான்மா, ஓரமா வையி, காலையில எடுத்துக்கிறேன்னான்" என்று சொன்னேன். மொழிபெயர்த்தவர் சாமானை மலாயில் பாராங் என்றார். கஞ்சா விற்கிறவர்கள் கஞ்சாவுக்கு வைத்திருக்கிற பெயரும் பாராங்தானாம். அப்படியானால் தெரிந்தேதான் வைத்திருந்தான் என்று நீதிபதி எழுதிவிட்டார். எஸ்டேட்டில் நமக்குக் கருவாடும் சாமான், ரப்பர் பால்வாளியும் சாமான், உன் கல்யாணச் சீரும் சாமான். தவளை தன் வாயால் கெடும், நான் என் வாயால் பெற்ற பிள்ளையைக் கெடுத்தேன். அன்றிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதில்லை.

அப்பீலுக்கு, நம் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வைக்கலாமே என்று பழனியப்பனிடம் கேட்டேன். "அதுக்கெல்லாம் கவர்மெண்டு காசு தராதுலா அக்கா. எழுத்துல ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க, கேட்டுப் பாக்கலாம்" என்றார். கஞ்சாவுக்கு ஆபீசர் உண்டு, சொல்லுக்கு இல்லை.

நீ போன ஒன்பது வருஷமாக நான் எழுதிய கடிதங்களை வைத்திருப்பாய் அல்லவா? ஒவ்வொன்றிலும் சாமான் அனுப்பினேன், சாமான் கிடைத்ததா என்றுதான் எழுதியிருப்பேன், எல்லாம் ஊறுகாயும் நெத்திலியும் உன் புடவையும். அத்தனையையும் உடனே அனுப்பு. அப்பாவைத் திட்டி எழுதியது இருந்தாலும் எடுத்துவிடாதே, கோர்ட்டில் படித்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் பதினைந்துக்குள் வக்கீல் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் தலையை மூடிக்கொள். மாரியாத்தா உன்னையாவது காப்பாற்றட்டும். இன்னொன்று, மறந்துவிடாதே. தம்பிக்குப் போகிற கடிதங்களை ஜெயிலில் பிரித்துப் படிக்கிறார்கள். அவனுக்கு எழுதும்போது சட்டை என்றால் சட்டை என்றே எழுது.

உன் அம்மா,
கருப்பம்மாள்